‘திருமணமாகாதவர்’ என்று ஒரு சான்றிதழ்

தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், பக்கத்து வீட்டு ஆயா ஒரு பிளாஸ்டிக் உறையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கண்ணு, கண்ணாடி போட்டும் சரியாத் தெரியல. இதுல என்னா எழுதியிருக்கான்னு பாரு" என்றார். பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவெல்லாம் வைத்திருக்கும் ஹோம் அஃபேர்ஸ் துறை கொடுத்த மரணச் சான்றிதழ். பெயர் சரி, அடையாள எண் சரி, பிறந்த நாடு தென்னாப்பிரிக்கா, அதுவும் சரி. நடுவில் திருமண நிலை என்று ஒரு வரி. அதற்கு எதிரே இரண்டே வார்த்தை: ‘நெவர் மேரீட்’. கல்யாணமே ஆகாதவராம்.

ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் 1969-ல் கல்யாணம். பெண் வீட்டு முற்றத்தில் டென்ட் போட்டு, இரண்டு வாழை மரம் கட்டி, ஊர்ப் பூசாரி வந்து மந்திரம் சொல்லித் தாலி எடுத்துக் கொடுத்த கல்யாணம். மூன்று பிள்ளை பெற்று, ஒன்றைப் பறிகொடுத்து, செருப்புத் தொழிற்சாலை மூடி தாத்தா வேலை இழந்த வருஷங்களில் சமோசா விற்று வீட்டை ஓட்டி, ஐம்பத்தைந்து வருஷம். "அச்சுப் பிழையா இருக்கும் ஆயா, மாத்திடலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் வந்திருந்தார். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை.

என் அப்பா தமிழ்நாட்டில் ஒரு முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழுப்புக் கயிறு கட்டிய வழக்குக் கோப்புகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். நீதிபதி என்ன சொன்னாலும் அது கோப்பில் ஏறி, எண் விழுந்து, நகல் பிரிவுக்குப் போய் முத்திரையோடு வெளியே வந்தால்தான் ஜனங்களுக்குத் தீர்ப்பு என்பார் அப்பா. கல்யாணமாகி 2011-ல் டர்பனுக்கு வந்த பிறகு அந்த உலகத்தோடு எனக்குத் தொடர்பே இல்லை. ஆயா அந்த உறையை நீட்டியபோது சாயங்கால கோர்ட்டின் காகித வாசனை மூக்கில் அடித்ததுபோல் இருந்தது. சரி, கூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவை

ஊரில் ஒருவர் செத்தால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ். கிராம நிர்வாக அலுவலர் வந்து டீக்கடையில் நாலு பேரைக் கேட்பார். யார் யாருக்குப் பெண்டாட்டி என்று டீக்கடைக்குத் தெரியும். இங்கே அந்த வேலை மாஸ்டர் அலுவலகத்துடையது. முழுப் பெயர் ‘உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர்’. பெயரைக் கேட்டால் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் கண்ணுக்குள் வருவார், ஆனால் மாஸ்டர் நீதிபதி இல்லை. செத்தவர் விட்டுப்போன சொத்து, மைனர் பிள்ளைகளின் பணம், டிரஸ்ட்டுகள், திவாலானவர்களின் கணக்கு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும் அதிகாரி அவர். (இங்கே ‘எஸ்டேட்’ என்று யாராவது சொன்னால் தேயிலைத் தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். செத்தவர் விட்டுப்போனதற்குத்தான் அந்தப் பெயர்.) 1965-ன் எஸ்டேட் நிர்வாகச் சட்டப்படி, சொத்து 2,50,000 ராண்டைத் தாண்டினால் சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுக்க முறைப்படி ஒரு எக்சிகியூட்டரை நியமிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், விளம்பரம் கொடுக்க வேண்டும். அதற்குள் இருந்தால் அவ்வளவு சடங்கு இல்லை, ‘லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி’ என்று அதிகாரம் கொடுக்கும் ஒற்றைத் தாள் போதும். தாத்தா விட்டுப்போனது வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கும் ஒரு பழைய டொயோட்டாவும். எல்லாம் சேர்த்தாலும் வரம்புக்கு வெகு கீழே. உயில் எழுதவில்லை.

எந்த ஊர் மாஸ்டர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஒரு கவுண்ட்டரில் ஒரு காலைப் பொழுதில் நடந்ததை வைத்து ஒரு ஊரையே குற்றம் சொல்ல முடியாது. ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. பத்தரைக்கு ‘சிஸ்டம் ஆஃப்லைன்’ என்றார்கள். இந்த நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டு யாரும் கோபப்படுவதில்லை, பையிலிருந்து ரொட்டியை எடுப்பார்கள். 2021 செப்டம்பரில் நீதித் துறையின் கணினிகளை யாரோ முழுவதுமாகப் பூட்டி வைத்துப் பணம் கேட்ட பிறகு, இந்த லெட்டர்களையே கொஞ்ச காலம் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் அரசாங்கத்தில் நடக்கும் ஊழலை விசாரிக்கும் சிறப்பு விசாரணைப் பிரிவு நாடு முழுக்க மாஸ்டர் அலுவலகங்களில் ஒரே நாளில் புகுந்து கோப்புகளை அள்ளியது. அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரம் பெரிய விஷயமில்லை.

கவுண்ட்டரில் இருந்தவன் சின்னப் பையன், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மரியாதையாகத்தான் பேசினான். மரண அறிவிப்பு ஜே 294, சொத்துப் பட்டியல் ஜே 243, நெருங்கிய உறவினர் பிரமாணம் ஜே 192 என்று சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல் படிவங்களை மேசையில் போட்டான். பிறகு சான்றிதழைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "இவர் மணமாகாதவர். இந்த அம்மாவும் திரையில் மணமாகாதவர்தான். அப்படியானால் வாரிசு பிள்ளைகள் மட்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அம்மாவை முன்மொழியட்டும், ஒரு பிரச்சினையும் இருக்காது" என்றான். உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னான். பெரிய மகனும் அதையே சொன்னார்: "அம்மா, யாரு பேருல வந்தா என்னா? பணம் உங்க கையிலதானே வரப்போவுது. நானும் தம்பியும் சைன் பண்ணிடறோம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். வயசான காலத்தில் எதற்கு அலைச்சல், பணம் வந்தால் போதாதா என்று நானும் சொன்னேன். ஆயா படிவங்களை அடுக்கி உறைக்குள் வைத்தார். "எம் புருஷன் காச எம்புள்ளைங்க எனக்குத் தானம் குடுக்கணுமா?" என்று கேட்டார். கார் வீடு வந்து சேரும்வரை வேறு பேச்சு இல்லை. ராத்திரி வெகு நேரம் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. தாலியைக் கழற்றி ஒரு வாரத்தில், தாலி கட்டியதற்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

நூறு வருஷத்துப் பழைய வரிசை

இந்த வரிசையில் ஆயா முதல் ஆள் இல்லை. 1913 மார்ச் 14 அன்று கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமே இல்லை என்று சொன்னார். வந்த வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. அடி விழுந்தது எல்லாருக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வைப்பாட்டிகள் ஆனார்கள், பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள். அதன் பிறகுதான் ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதும், ஜெயிலுக்குப் போனதும். தில்லையாடி வள்ளியம்மையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தில் அவரைத் தியாகி என்று படித்தோம். ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியைப் பற்றியும் படித்தோம். ஒரு பெண்ணைப் பெண்டாட்டி என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத வைக்கவும் அவர் ஜெயிலுக்குப் போனார் என்பதை எந்த வாத்தியாரும் அழுத்திச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒரே மனைவி உள்ள கல்யாணங்களைப் பதிவு செய்துகொள்ளலாம், இந்தியப் பூசாரிகளையும் கல்யாண அதிகாரிகளாக நியமிக்கலாம் என்றது. 1961-ன் திருமணச் சட்டமும் ‘எந்த ஓர் இந்திய மதத்தின்’ சடங்குப்படியும் நடத்திவைக்கப் பூசாரிகளுக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறது. கவனியுங்கள், கொடுக்கலாம். பூசாரி விண்ணப்பித்து, அரசாங்கம் அவரை நியமித்திருந்தால்தான் அவர் நடத்திவைக்கும் கல்யாணம் சட்டப்படி கல்யாணம். இல்லையென்றால் அது வெறும் விருந்து. ஆயாவுக்குத் தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி வாரத்தில் ஐந்து நாள் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். அவரிடம் சமஸ்கிருதமும் இருந்தது, தேவாரமும் இருந்தது. நியமனக் கடிதம் இல்லை. "கோர்ட்டுல போயி எழுதிக்கலாம்னு உங்க தாத்தா சொன்னாரு. ஒரு நாள் கூலி போவுமேன்னு தள்ளிப் போட்டோம். அப்புறம் புள்ள வந்துச்சு. அப்புறம் யாரு நெனைச்சா" என்றார் ஆயா. இப்படித் தள்ளிப் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு இருக்கின்றன. விசாரித்தபோது தெரிந்தது.

அதற்காகச் சட்டம் இன்னும் 1913-லேயே நிற்கிறதா என்றால், இல்லை. 2004-ல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு கேப் டவுனிலிருந்து ஒரு முஸ்லிம் விதவையின் வழக்கு போனது. உயில் இல்லாமல் கணவன் இறந்துவிட்டான், நீ ‘துணைவி’ இல்லை, வாரிசு ஆக முடியாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ‘துணை’ என்ற சொல்லைச் சாதாரணமாகப் படித்தாலே அதற்குள் இந்தப் பெண்ணும் இருக்கிறாள், வெளியே நிறுத்தத்தான் வலிந்து பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஆல்பி சாக்ஸ். நான்கு வருஷம் கழித்து, 2008-ல், டர்பன் உயர் நீதிமன்றம் அதே வழியில் போய், இந்து முறைப்படி மணந்த ஒரே மனைவியும் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தில் ‘துணை’தான் என்று சொன்னது. அந்தச் சட்டப்படி துணைக்கு ஒரு பிள்ளையின் பங்கு, அல்லது 2,50,000 ராண்ட், இதில் எது பெரிதோ அது. தாத்தா விட்டுப்போனது அதற்கும் குறைவு. கணக்குச் சுலபம்: எல்லாமே ஆயாவுக்கு. பிள்ளைகள் தானம் கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

அந்த 2008 தீர்ப்பை, தீர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் சாஃப்லி என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நான் அதைப் படித்து முடித்தேன். முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து கோபம். நம் டர்பன் நீதிமன்றத்திலேயே வந்த தீர்ப்பு, பதினாறு வருஷமாக இருக்கிறது. அந்தக் கவுண்ட்டருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

யார் வீட்டுக் கவுண்ட்டர்

அந்தக் கோபத்தில்தான் இந்த அலுவலகங்களின் குடும்ப மரத்தைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மாஸ்டரின் பெயரில் உயர் நீதிமன்றம் இருக்கிறதே தவிர, அவர் நீதிபதிகளின் ஆள் இல்லை. நீதி மற்றும் அரசியல் சாசன மேம்பாட்டுத் துறையின் ஆள். சம்பளம் அங்கிருந்து, நியமனம் அமைச்சரிடமிருந்து, மேலே ப்ரிட்டோரியாவில் சீஃப் மாஸ்டர் என்று ஒருவர். ஒரு காலத்தில் கோர்ட்டு ரிஜிஸ்ட்ரார், டைப்பிஸ்ட், கட்டடத்துக் குழாய் ரிப்பேர் உட்பட எல்லாமே அந்தத் துறையின் கையில்தான் இருந்தது. நீதிபதி தீர்ப்பு எழுதும் காகிதத்தைக்கூட அமைச்சர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதில் நீதித்துறைக்கு என்ன சுதந்திரம் என்ற கேள்வி வந்து, 2010-ல் தலைமை நீதிபதி அலுவலகம் என்று தனித் துறை உண்டானது. 2013-ல் அரசியல் சாசனத்தையே திருத்தி, நீதித்துறைக்குத் தலைவர் தலைமை நீதிபதிதான் என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் உயர் நீதிமன்றங்களும் அவற்றுக்கு மேலே உள்ளவையும் தங்கள் நிர்வாகத்தோடு அந்தப் புது அலுவலகத்துக்கு மாறின. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றங்கள் பழைய துறையிலேயே தங்கின. மாஸ்டரும் அங்கேயே தங்கிவிட்டார். பாகப்பிரிவினையில் பழைய வீட்டிலேயே விடப்பட்ட மரப்பீரோ மாதிரி.

இதன் விளைவு வேடிக்கையானது. நீதிபதி கேட்ட வழக்குக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்று தலைமை நீதிபதி 2014-ல் நியதி போட்டார். நீதிபதியை அவர் கேட்கலாம். அந்தத் தீர்ப்பு மாஸ்டர் அலுவலகத்துக் கவுண்ட்டருக்கு எத்தனை நாளில் வந்து சேர வேண்டும் என்று கேட்க முடியாது, அந்தக் கவுண்ட்டர் அவருடையது இல்லை. இரண்டுக்கும் நடுவில் சுற்றறிக்கை என்ற ஒரே ஒரு நூல்தான். சுற்றறிக்கை வரும், ஒருவர் படிப்பார், அவர் மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வருவார்.

இன்னொன்று. ஆயா மாஸ்டர் மேல் வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் நீதித் துறையின் ஆள். அவருக்காக வாதாட வருவது ஸ்டேட் அட்டர்னி என்ற அரசு வக்கீல் அலுவலகம், அதுவும் நீதித் துறைதான். ஆயாவிடம் வக்கீலுக்குக் காசில்லை, சட்ட உதவி கொடுக்கும் லீகல் எய்டுக்குப் போவார். அது தனிச் சட்டத்தில் உண்டான சுதந்திரமான அமைப்பு, ஆனால் அதற்குப் பணம் வருவதும் நீதித் துறையின் பட்ஜெட் வழியாக. வழக்குப் போடுகிறவருக்கும், எதிர்த்து நிற்கிறவருக்கும், அவர் வக்கீலுக்கும் ஒரே பை. இதில் சதி எதுவும் இல்லை, எல்லா நாட்டிலும் கொஞ்சம் இப்படித்தான். இருந்தாலும் அந்தப் பையை வைத்திருக்கிறவர்கள் ஒரு தீர்ப்பின் நகலை எல்லாக் கவுண்ட்டருக்கும் ஒட்டிக் கொடுக்க எத்தனை ராண்ட் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

அப்பாவிடம் வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சட்டப் புத்தகத்துல அந்த வார்த்தையத் திருத்தினாங்களா, இல்ல அர்த்தம் மட்டும் சொன்னாங்களா?" திரும்பிப் போய்ப் பார்த்தேன். அர்த்தம் மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். 2004-லும் சரி, 2008-லும் சரி, நீதிமன்றம் சட்டத்தில் புதுச் சொல் எதையும் சேர்க்கவில்லை. ஏற்கனவே இருக்கிற ‘துணை’ என்ற சொல்லுக்குள் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள் என்றது. நீதிபதியின் பார்வையில் அதுதான் பெரிய மரியாதை: உனக்காகத் தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டாம், நீ முதலிலிருந்தே உள்ளே இருக்கிறாய். ஆனால் கவுண்ட்டரில் இருக்கிற பையன் புத்தகத்தைத் திறந்தால் இந்தத் தீர்ப்புகளின் தடயமே அங்கே இருக்காது. எதுவும் மாறியதாக அவனுக்கு எப்படித் தெரியும்? "அதான் நாங்க புக்குல பென்சில்ல எழுதி வெச்சுப்போம்" என்றார் அப்பா. அவருடைய சட்டப் புத்தகங்களின் ஓரங்களில் எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில் எழுத்து இருக்கும். சின்ன வயதில் அதைக் கிறுக்கல் என்று நினைத்து ரப்பரால் அழித்து அடி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அடித்தது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் தடவை

தீர்ப்பை அச்செடுத்து, முக்கியமான பத்திகளில் மஞ்சள் கோடு போட்டு, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆயா வெள்ளைச் சேலை கட்டி, கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் அன்றைக்கு இல்லை. ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும் ஒரு ஜூலு அம்மா இருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். ஆயாவைப் பார்த்ததும் "சவுபோனா, கோகோ" என்றார். கோகோ என்றால் பாட்டி. ஆயா "யேபோ" என்று தொடங்கித் தன் சமையல்கட்டு ஜூலுவில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தீர்ப்பை எடுத்து நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார், மடித்து ஓரமாக வைத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிறகு ஆயாவிடம் நேராகக் கேட்டார்: "உங்களுக்கு லோபோலா கொடுத்தாரா?" லோபோலா என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசம். ஆயா இல்லை என்று தலையாட்டினார். "அப்படியானால் என்ன கொடுத்தார்?" நான் விளக்க வாயெடுத்தேன். ஆயா அதற்குள் கைப்பையைத் திறந்து, ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து, கவுண்ட்டர் மேல் வைத்து அவிழ்த்தார். தாலி. மஞ்சள் கயிறு கறுத்துப்போய், இரண்டு பொட்டுத் தங்கம். அதைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். "கோகோ, இது உள்ளே போகட்டும். இதைக் கோப்பில் வைக்க முடியாது" என்றார். ஆயா முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தார்.

அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய அம்மா கல்யாணமும் பதிவாகவில்லையாம். பசுக்கள் கொடுத்து, இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடித்த கல்யாணம். "எங்களுக்கு 1998-ல் சட்டம் வந்தது. பதிவு செய்யாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்று எழுதியே வைத்தார்கள். உங்களை அதில் சேர்க்கவில்லை" என்றார். உண்மைதான். வழக்காற்றுத் திருமணங்களை ஏற்கும் அந்தச் சட்டம், தென்னாப்பிரிக்கப் பழங்குடி மக்களின் வழக்காற்றை மட்டும்தான் பேசுகிறது. பதியத் தவறினால் கல்யாணம் செல்லாமல் போகாது என்று அதில் தனி வரியே இருக்கிறது. எனக்கு அந்தச் சட்டம் தெரியும், செய்தியில் படித்திருக்கிறேன். ஆனால் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நின்ற வீட்டுப் பெண் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றே கிளம்பிப் போயிருந்தேன். அவர் தீர்ப்பை ஓரமாக வைத்ததற்குக் காரணம் அலட்சியமில்லை. அது அவருக்கு முன்பே தெரியும்.

"தீர்ப்பு எனக்கு வேண்டாம். தீர்ப்பு சட்டத்தைச் சொல்கிறது. எனக்கு வேண்டியது உண்மை" என்று சொல்லி, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். கல்யாணத்தில் இருந்த இரண்டு பேரின் பிரமாணம். கோயிலிலிருந்து ஒரு கடிதம். பிள்ளைகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதுவது. ஆயாவின் சொந்தப் பிரமாணம், அவர் ஒருவர்தான் மனைவி என்று. "கல்யாண போட்டோ இருந்தால் அதுவும்." ஜே 294-ல் ஏற்கனவே நாங்கள் எழுதியிருந்த ‘மணமாகாதவர்’ என்பதைப் பேனாவால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். ஆயா போட்டார், தமிழில். அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கையெழுத்தா, கோலமா?" என்று கேட்டார். தமிழ் இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட மொழி, மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளில் ஒன்று என்று சொல்ல நாக்கு துடித்தது. அன்றைக்கு ஏற்கனவே ஒரு தடவை வாயெடுத்து அசிங்கப்பட்டாகிவிட்டது. பேசாமல் இருந்தேன்.

பிரமாணம் எழுதப் போலீஸ் ஸ்டேஷன். இங்கே காவலர்களே பிரமாண ஆணையர்கள், காசு கிடையாது. சாட்சிக்கு ஆயாவின் தம்பியும், கல்யாணத்தன்று குத்துவிளக்கு பிடித்த தோழியும் வந்தார்கள். தோழிக்கு இப்போது எழுபத்து நாலு. கான்ஸ்டபிள் மூன்று கேள்வி கேட்டார். எழுதியிருப்பது புரிந்ததா? சத்தியம் செய்வதில் ஆட்சேபம் உண்டா? இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று நினைக்கிறீர்களா? மூன்றாவதை நான் தமிழில் சொன்னேன்: "இந்தச் சத்தியம் உங்க மனசாட்சியக் கட்டுமா?" தோழி சிரித்துவிட்டார். "அதெல்லாம் கட்டும், கட்டும். அன்னிக்கு முடிச்சுப் போட்டப்ப நாந்தான வெளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னேன்" என்றார். கான்ஸ்டபிளுக்கு ‘ஆமாம்’ என்று மட்டும் மொழிபெயர்த்தேன். முத்திரை விழுந்தது.

பதினோரு வாரம் ஆனது. லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி ஒற்றைத் தாள்தான். ஆயாவின் பெயர், தாத்தாவின் பெயர், எஸ்டேட் எண், சொத்துப் பட்டியல், மாஸ்டரின் முத்திரை. வங்கியில் பெரிய தொந்தரவு இல்லை. டொயோட்டாவைப் பேரன் ஓட்டுகிறான். ஹோம் அஃபேர்ஸ் வேறு துறை, அங்கே தாத்தா இன்னும் கல்யாணமாகாதவர்தான். எல்லா மதத்துக் கல்யாணத்துக்கும் ஒரே சட்டம் என்று 2023-ல் நாடாளுமன்றத்துக்குப் போன மசோதாவைப் பற்றி ஆயாவிடம் சொன்னேன். "வரட்டும், வரட்டும்" என்றார். தாத்தா லாட்டரிச் சீட்டு வாங்கி வந்த நாட்களில் இதே குரலில்தான் சொல்வார்.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. கல்யாண போட்டோவின் நகலைக் கொடுக்க வேண்டிய இடத்தில், அவசரத்தில் நான் அசலைக் கொடுத்துவிட்டேன். வாசலில் டென்ட்டும் வாழை மரமும் தெரிகிற கறுப்பு வெள்ளைப் படம், அந்தக் கல்யாணத்தில் எடுத்த ஒரே படம். ஜே 192-ன் மூலையில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டார்கள். கேட்கப் போனபோது, கோப்பு உள்ளே பதிவறைக்குப் போய்விட்டது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. ஆயாவிடம் சொன்னால் திட்டுவார் என்று நினைத்தேன். "அங்கியே இருக்கட்டும் கண்ணு. இனிமே எவனாச்சும் கேட்டா அங்கப் போயிப் பாத்துக்கட்டும்" என்றார்.

இருந்தாலும் விண்ணப்பம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஏழு வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை போனபோது சிஸ்டம் ஆஃப்லைன்.